புரிந்தது என்று ஒரு பொத்தான்

"இப்ப நல்லாத் தெரியுதா, இல்ல இதுக்கு முன்னாடி போட்டதுல தெரிஞ்சுதா? அவசரம் ஒண்ணும் இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க. எனக்காகத் தலையாட்ட வேண்டாம்."

மூக்கின் மேல் கனமான வட்டச் சட்டத்தைச் சுமந்துகொண்டு, எதிர்ச் சுவரில் தெரிந்த எழுத்துகளை ஒற்றைக் கண்ணால் படித்துக்கொண்டிருந்தேன். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்பக்கத்து இருட்டறை அது. ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும். மூன்று மாதமாக மருந்துச் சீட்டைக் கையை நீட்டிப் பிடித்துத்தான் படிக்கிறேன். "இன்னும் கொஞ்ச நாள்ல உனக்குக் கை பத்தாதும்மா" என்று மகள் கேலி செய்து, அவளே நேரம் வாங்கி என்னை இங்கே துரத்திவிட்டிருந்தாள். உள்ளே வரும்போது கண்ணைச் சோதிக்கிறவரின் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. வழுக்கைத் தலை, சின்னத் தொப்பை, முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை, அவ்வளவுதான் பட்டது. ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் இருக்கிறதே! "எனக்காகத் தலையாட்ட வேண்டாம்." இதே குரலில், ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை வீதம், மூன்று வருடம் இதைக் கேட்டவள் நான். படித்தது புள்ளியியல், பெருக்கிப் பார்க்கிற புத்தி இன்னும் போகவில்லை. ஐயாயிரம் தடவைக்குக் குறையாது.

"தத்துவம்?" என்றேன்.

லென்ஸை மாற்ற வந்த கை அப்படியே நின்றது. அவர் என் முகத்துக்கு நேராகக் குனிந்து அந்த வட்டச் சட்டத்துக்குள் எட்டிப் பார்த்தார். சீட்டில் என் பெயர் இருந்தது. பெயரால் அவருக்கு என்ன தெரியும்? நாங்கள் சேர்ந்து வேலை பார்த்த ஆபீஸில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"ஐயய்யோ... புள்ளி!" என்று கத்தினார். முன்பக்கம் இருந்த பெண் என்னமோ ஏதோ என்று ஓடிவந்து கதவைத் திறந்தாள்.

அவர் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. ஏனென்றால் இந்த மனிதரின் வேலை போனது என்னால். அது அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பதுதான் பத்தொன்பது வருடமாக என்னை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம். குளிக்கும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது, அவரிடம் சொல்ல வேண்டியதை வார்த்தை வார்த்தையாக எத்தனை ஒத்திகை பார்த்திருக்கிறேன்! இப்போது ஆள் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்.

"இருங்க, இருங்க. முதல்ல கண்ணை முடிச்சுடுவோம். பாதியில விட்டா எனக்குச் சோறு இறங்காது" என்றார். ஒவ்வொரு கண்ணுக்கும் மூன்று தடவை அதே எழுத்துகள். பிறகு எண்ணை எழுதி, தான் ஒரு தடவை வாசித்து, என்னை ஒரு தடவை வாசிக்கச் சொல்லி, கீழே கையெழுத்தும் வாங்கினார். கண்ணாடிக்கு எதற்குக் கையெழுத்து என்று கேட்டேன்.

"இந்தக் கடையில வேற யாரும் கேக்க மாட்டாங்க, நான் மட்டும்தான். எங்க வீட்ல எனக்குப் பேரே 'மூணு தரம்'தான் தெரியுமா? கதவைப் பூட்டினா மூணு தரம் இழுத்துப் பாப்பேன். கேஸை மூணு தரம் எட்டிப் பாப்பேன். அப்பா தும்முறதுகூட மூணு தரம்தான்னு எம் பையன் கிண்டல் பண்றான்."

முன்பக்கத்துப் பெண்ணிடம் அரை மணி நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கடையின் பின்வாசல் படிக்கு என்னைக் கூட்டிப்போனார். எதிரே ஒரு சந்து, பூட்டிய கிடங்கு, மதில் மேல் ஒரு பூனை. இரண்டு படி விட்டு உட்கார்ந்துகொண்டோம். உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார். வேதி எங்கே, சட்டம் எப்படி இருக்கிறார், கணக்கு கடைசியில் கல்யாணம் பண்ணிக்கொண்டதா? பண்ணிக்கொள்ளவில்லை என்றேன். "கூட்டிக் கழிச்சுப் பாத்திருக்கும்" என்றார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தச் சிரிப்பில் நான் முப்பத்திரண்டு வயதுக்காரி ஆகிவிட்டேன்.

அந்த ஆபீஸைப் பற்றி இன்றைக்கு யாரிடமாவது சொன்னால் கதை விடுகிறாள் என்பார்கள். ஒரு மெத்தைக் கடையின் மேல்மாடியில் நீளமான ஒரே அறை. பன்னிரண்டு மேஜை, பன்னிரண்டு கம்ப்யூட்டர், ஒரு கரும்பலகை. எங்கெங்கோ இருக்கிற பல்கலைக்கழகங்களில் படிக்கிற பிள்ளைகள் தங்களுக்குப் பிடிபடாத கேள்வியை எழுதி அனுப்புவார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் விளக்கம் எழுதி அனுப்ப வேண்டியது எங்கள் வேலை. அவர்களுக்கு நடுநிசி, எங்களுக்கு நல்ல வெயில். கீழே பஞ்சடிக்கிற தூசி படியேறி வந்து எல்லா விசைப்பலகையிலும் உட்கார்ந்துகொள்ளும். கரண்ட் போனால் எல்லாரும் கீழே போய் விற்பனைக்கு வைத்திருக்கும் மெத்தைகளில் சரிந்துகொள்வோம். "படிச்சவங்க படுத்த மெத்தைன்னு சொல்லி வித்துருவேன்" என்பாரே தவிர, கடைக்காரர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அப்படி ஒரு மெத்தையில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டுதான் வரலாறு எங்களுக்கு ஒரு சாம்ராஜ்யம் முழுவதையும் கவிழ்த்துக் காட்டினாள். கரண்ட் வந்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக அதற்குப் பிறகு நான் எங்கேயும் வேலை பார்க்கவில்லை.

நிர்வாகம் செய்த அம்மாளைப் பெரிய மேடம் என்போம். கல்லூரியில் முப்பது வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். யார் எந்த மேஜை என்று கரும்பலகையில் ஆள் பெயர் எழுத மாட்டார். ஆள் வரும் போகும், பாடம் இருக்கும் என்பார். ஆகவே பாடங்களின் பெயர்தான் பலகையில். நாளடைவில் அதுவே எங்கள் பெயர். "வேதிக்குக் காய்ச்சல்", "சட்டம் இன்னும் வந்து சேரல", "பொருளாதாரம் குறட்டை விடுது, எழுப்பு" என்றெல்லாம் அங்கே கூசாமல் பேசுவோம். நான் புள்ளியியல், சுருக்கமாகப் புள்ளி. யாராவது போனில் கேட்டால், "பெரிய புள்ளிதான் பேசறேன்" என்று நானே பெருமையடித்துக்கொள்வேன்.

பெரிய மேடத்துக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் 'பக்கத்துக் காது'. நான் ஒரு பதில் எழுதினால் அதை நேரே அனுப்பிவிட முடியாது. பக்கத்து மேஜையில் இருக்கும் வேறு பாடத்துக்காரருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்ட வேண்டும். அவருக்குப் புரிந்தால் அவர் தன் கம்ப்யூட்டரில் 'புரிந்தது' என்ற பொத்தானை அழுத்துவார். அப்போதுதான் பதில் மாணவருக்குப் போகும். புரியாவிட்டால் திரும்ப எழுத வேண்டும். "உங்க பாடத்து ஆளுக்குப் புரியறது பெரிய காரியமா? பக்கத்து ஆளுக்குப் புரிஞ்சாத்தான் அது பதில்" என்பார் மேடம். இதனால் நடந்த சண்டைகளுக்கு அளவே கிடையாது. வேதி எழுதிய ஒரே பதிலுக்குச் சட்டம் நாலு தடவை "புரியல" என்றதும், அவள் கரும்பலகை அழிப்பானைத் தூக்கி அவர் சட்டை மேல் வீசினாள். சட்டம் வெள்ளைச் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு ஐந்தாவது தடவையும் "புரியல" என்றார். அப்புறம் அவள் எழுதிய பதில் இருக்கிறதே, எனக்கே வேதியியல் படிக்கலாம் போலிருந்தது.

இப்போது என் மகள் கேள்வியைப் போனில் தட்டினால் மூச்சு விடுவதற்குள் பதில் வந்து விழுகிறது. நான் குறை சொல்லவில்லை, நல்ல பதில்தான். ஆனால் அந்தப் பதிலுக்குப் பக்கத்தில் ஒரு மனுஷன் உட்கார்ந்து, காது குடைந்துகொண்டே, "எனக்குப் புரியலீங்களே" என்று சொல்வதில்லை. அது இல்லாமல் இவள் எப்படிப் படிக்கிறாள் என்று எனக்கு ஆச்சரியம்.

என் பக்கத்துக் காது தத்துவம். அவருடைய காது நான். அப்பாடா, அந்த மனிதர் படுத்திய பாடு! பழைய செருப்புக்கு இந்த வருடம் அடி மாற்றி, அடுத்த வருடம் வார் மாற்றினால் அது அதே செருப்பா, வேற செருப்பா என்று காலையில் கேட்டுவிட்டால், மதியம் வரை எனக்கு நடக்கவே கூச்சமாக இருக்கும். அவர் வாசிப்பதைக் கேட்டு நான் சலித்துப்போய்த் தலையாட்டினால் உடனே நிறுத்திவிடுவார். நான் வாசிக்கும்போதும் விட மாட்டார். எந்தக் கணக்காக இருந்தாலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான். "இந்த நாப்பது பேரும் அந்த நாப்பது பேரும் அதே ஆளுங்களா, வேற ஆளுங்களா?" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "உங்களுக்கு இதே வேலையாப் போச்சு" என்று சிடுசிடுத்துவிட்டு, கேள்வியைத் திரும்பப் பார்த்தால் பத்தில் ஒரு தடவை அதில்தான் நான் கோட்டை விட்டிருப்பேன்.

அன்றைக்கும் அதில்தான் விட்டேன். ஒரு மாணவி, வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவள். நாற்பது முதியவர்களுக்கு இரண்டு மாதம் நடைப்பயிற்சி கொடுத்து, அவர்கள் தூங்கும் நேரம் கூடுகிறதா என்று முன்னும் பின்னும் அளந்திருந்தாள். அவளுடைய கடைசி ஆய்வேடு. ஒரே ஆளை இரண்டு தடவை அளந்தால் அதற்கு ஒரு கணக்கு, வேறு வேறு ஆளை அளந்தால் வேறு கணக்கு. நான் அவசரத்தில் எண்பது தனி ஆட்கள் என்று எடுத்துக்கொண்டு போட்டேன். பயிற்சியால் நம்பும்படியான மாற்றம் எதுவும் இல்லை என்று விடை வந்தது. பத்து வரியில் அழகாக விளக்கமும் எழுதினேன்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. இரண்டு வயது மகளை விட்டிருந்த காப்பகத்திலிருந்து போன். குழந்தைக்கு உடம்பு கொதிக்கிறது, உடனே வாங்க. கெடு முடிய ஒன்பது நிமிஷம் இருந்தது. தத்துவம் அப்போதுதான் டீ வாங்கக் கீழே போயிருந்தார். அவருடைய கம்ப்யூட்டர் திறந்தே கிடந்தது, திரையில் என் பதில் காத்துக்கொண்டிருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூணு அம்பத்தொண்ணு. நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, எட்டி, அவருடைய மேஜையில் 'புரிந்தது' பொத்தானை அழுத்தினேன். பையை எடுத்துக்கொண்டு பின்பக்கப் படி வழியாக ஓடினேன். யாரும் பார்க்கவில்லை. மறுநாள் அவரிடம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன், சத்தியமாக. காய்ச்சலில் மூன்று நாள் லீவு ஆகிவிட்டது, திரும்பி வந்தபோது சொல்ல மறந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அந்த மாணவியிடமிருந்து கடிதம் வந்தது. கணக்கு தப்பு என்று ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், அவளுக்கு அரை வருடம் போயிற்று. கோபமாக ஒரு வார்த்தை இல்லை. "நாற்பது பேரும் நன்றாகத் தூங்கியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். உங்கள் பதில் வந்த பிறகு நான் பார்த்ததையே சந்தேகப்பட்டுவிட்டேன்" என்று எழுதியிருந்தாள். பெரிய மேடம் அதை எல்லாருக்கும் வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

அந்த அறையில் ஒரு விதி உண்டு. சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிடுவார். "தப்பா எழுதறது யாருக்கும் நடக்கும், அதுக்கு எச்சரிக்கை. கேக்காமலே புரிஞ்சதுன்னு அழுத்தறது பொய். அதுக்கு இங்க இடம் இல்ல." இந்தத் தப்பு வேறு எந்தக் காதிலிருந்தும் தப்பியிருக்கலாம். தத்துவத்தின் காதிலிருந்து தப்பியிருக்க முடியாது என்று அறை முழுவதற்கும் தெரியும்.

மேடம் முதலில் என்னைத்தான் கேட்டார். "புள்ளி, இதை அவருக்கு வாசிச்சீங்களா?"

"மூணு வாரம் ஆச்சு மேடம். சரியா ஞாபகம் இல்ல."

பிறகு தத்துவத்தைக் கேட்டார். அவரும் அதையேதான் சொன்னார். "ஞாபகம் இல்ல மேடம்." ஒரு நாளைக்கு முப்பது பதில் கேட்கிறவருக்கு எது ஞாபகம் இருக்கும்? இரண்டு பேர் சொன்னதும் ஒரே வாக்கியம். அவர் சொன்னது உண்மை.

அத்தோடு அவர் நிறுத்தியிருக்கலாம். யோசிக்க ஆரம்பித்துவிட்டார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, வேறு யாருடைய வழக்கையோ விசாரிக்கிற மாதிரி, "என் கம்ப்யூட்டர்லேர்ந்து போயிருக்கு. நேரமும் பதிவாகியிருக்கு. நான் அழுத்தலன்னு அடிச்சுச் சொல்ல எங்கிட்ட ஒண்ணும் இல்ல மேடம். நான்தான் அழுத்தியிருக்கணும்" என்றார். பின்னாலிருந்து சட்டம் பல்லைக் கடித்துக்கொண்டு, "இல்லன்னு சொல்லித் தொலையுங்களேன்யா!" என்றார். அதுவும் கேட்காமல் போகவே, சத்தமாகவே, "மேடம், வேற யாராவது அழுத்தியிருக்கலாமில்ல?" என்றார்.

மேடம் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னிடம் வருவதற்குள் தத்துவம் குறுக்கிட்டார். "சே, சே. இங்க அப்படி யாரும் செய்ய மாட்டாங்க மேடம்."

வாய் திறக்காமல் இருந்தேன். வீட்டில் என் கணவருக்கு எட்டு மாதமாக வேலை இல்லை, சின்னக் குழந்தை, என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது, எல்லாம் நிஜம். ஆனால் அந்த நிமிஷத்தில் அதையெல்லாம் எடைபோட்டு நான் மௌனமாக இருந்தேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். பயந்தேன், அவ்வளவுதான். அவர் மறுநாளிலிருந்து வரவில்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். பக்கத்து மேஜைக்குப் புவியியல் வந்து உட்கார்ந்தது, நல்ல பெண், எதற்கும் தலையாட்டுவாள். நாலு வருடம் கழித்து ஆபீஸே மூடிப்போனது. மெத்தைக் கடை இப்போது மாடிக்கும் சேர்த்து ஏறிவிட்டது.

"என்ன புள்ளி, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே போறேன், நீங்க வாயே திறக்கல?" என்றார் தத்துவம். பூனை மதிலிலிருந்து குதித்து எங்கள் படிக்குக் கீழே வந்து உட்கார்ந்திருந்தது.

"நீங்க ஏன் திரும்ப வாத்தியார் வேலைக்குப் போகல?" என்று கேட்டேன். விஷயம் தெரிந்துகொண்டு பேசுகிறாரா, தெரியாமலா என்று நூல் விட்டுப் பார்க்கிற கேள்விதான். அசிங்கமாக இருந்தது.

"போனேனே! ஒரு காலேஜ்ல இன்டர்வியூ. எல்லாம் நல்லாத்தான் போச்சு. முந்தின வேலையை ஏன் விட்டீங்கன்னு கேட்டாங்க. ஒரு மாணவிக்குப் போற பதிலைக் காது குடுத்துக் கேக்காமலே புரிஞ்சதுன்னு அழுத்திட்டேன், அதனால அனுப்பிட்டாங்கன்னு சொன்னேன்." சிரித்தார். "அவங்க முகத்தைப் பாக்கணுமே! வெளிய வந்து நானும் யோசிச்சேன். அவங்க சொல்றது சரிதான? நாளைக்குப் பசங்க பேப்பர் கட்டுக் கட்டா வரும். படிக்காமலே மார்க் போட மாட்டேன்னு என்ன நிச்சயம்? ஒரு தரம் செஞ்சவன்தான நான்? அப்புறம் அந்தப் பக்கமே போகல. இங்க பாருங்க, லென்ஸ் தப்பாப் போட்டா எதிர்ல இருக்கிற ஆள் உடனே தெரியலன்னு சொல்லிடுவாங்க. நிம்மதி."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்தொன்பது வருடமாக நான் இரண்டே வழிதான் கண்டிருந்தேன். அவருக்குத் தெரியும், மன்னித்துவிட்டார். அல்லது அவருக்குத் தெரியும், என்னை வெறுக்கிறார். தான்தான் செய்தேன் என்று இந்த மனிதர் நம்பிக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கதவை மூணு தரம் இழுத்துப் பார்ப்பதும், கண்ணாடிக்குக் கையெழுத்து வாங்குவதும் எங்கிருந்து வந்தது என்றும் புரிந்தது. எழுந்து போய்விடலாமா என்றும் இருந்தது. மனிதர் சந்தோஷமாக இருக்கிறார், பெண்டாட்டி பிள்ளை இருக்கிறது, ஏன் கலைக்க வேண்டும்? என் மனசு லேசாவதற்கு அவர் தலையில் இறக்கி வைப்பதா? இதெல்லாம் அடுக்கடுக்காக நியாயம் மாதிரியே வந்தது. அன்றைக்கு மேடத்தின் முன்னால் வந்த பயமும் இப்படித்தான் இருந்தது என்பதால் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"தத்துவம், அதை நீங்க அழுத்தல."

"எதை?"

"அன்னைக்கு. மூணு அம்பத்தொண்ணு. நான்தான் அழுத்தினேன். எட்டி, உங்க மேஜையில."

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. "விடுங்க புள்ளி. இத்தனை வருஷம் கழிச்சு எனக்கு ஆறுதல் சொல்லணும்னு..."

"ஆறுதல் இல்ல. பாப்பாவுக்குக் காய்ச்சல்னு போன் வந்துச்சு. ஒன்பது நிமிஷம்தான் இருந்துச்சு. நீங்க டீ வாங்கக் கீழ போயிருந்தீங்க. உங்களுக்கு நான் அதை வாசிக்கவே இல்ல. அழுத்திட்டு ஓடிட்டேன்."

சந்தில் யாரோ ஒரு கைவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அது முனை திரும்பும் வரை அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு டீ" என்றார் மெதுவாக. "நான் மேல வந்தேன். உங்க நாற்காலி காலியா இருந்துச்சு. கொஞ்ச நேரம் பாத்துட்டு, ஆறிப்போகுதேன்னு ரெண்டையும் நானே குடிச்சேன். எனக்கு அது நல்லா ஞாபகம் இருக்கு. நெஞ்சு கரிச்சுது. அதே நாளா அது? வேற நாளா?"

"அதே நாள்."

"அன்னைக்கு ரூம்ல நீங்க இருந்தீங்க. இங்க யாரும் அப்படிச் செய்ய மாட்டாங்கன்னு நான் சொன்னப்ப."

"இருந்தேன்."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு." அழுகை வந்துவிட்டது. "வீட்ல அப்ப அவருக்கு வேலை இல்ல, பாப்பா..."

கையை உயர்த்தி நிறுத்தினார். "காரணம் எனக்கு வேண்டாம். நேரம் மட்டும் சொல்லுங்க. நான் எத்தனை மணிக்குக் கீழ போனேன்?"

"மூணு நாப்பது இருக்கும்."

"நீங்க அழுத்தும்போது நான் மேல இல்ல?"

"இல்ல."

"இன்னொரு தரம் சொல்லுங்க."

சொன்னேன். மறுபடியும் கேட்டார், மறுபடியும் சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, கிடங்கின் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். "என்னை மன்னிச்சுடுங்க" என்றேன்.

"அதெல்லாம் அப்புறம்" என்றார். குரலில் கோபமும் இல்லை, கனிவும் இல்லை. வழியில் நிற்கிற ஆளை நகரச் சொல்கிற குரல். "எம் பொண்டாட்டி அன்னைக்கே சொன்னா, தெரியுமா? நீங்க அப்படிச் செய்யவே மாட்டீங்க, வேற யாரோன்னு ஒத்தக் காலில நின்னா. நான்தான் விடல. ரெண்டு வருஷம் அவளோட மல்லுக்கட்டி, நான் செஞ்சிருப்பேன்னு அவளை நம்ப வெச்சேன். அதுக்கப்புறம் அவ அதைப் பத்திப் பேசுறதே இல்ல." சட்டைப் பையில் கைவிட்டுப் போனை எடுத்தார். அவசரத்தில் முதலில் வேறு யாருக்கோ போய்விட்டது, நிறுத்திவிட்டு மறுபடி தேடினார்.

படியிறங்கிச் சந்துக்குள் நடந்தார். பூனை விலகி ஓடியது. நான் எழுந்திருப்பதா, உட்கார்ந்திருப்பதா என்று தெரியாமல் இருந்த இடத்திலேயே இருந்தேன்.

"ஹலோ, நான்தான். இல்ல, இல்ல, ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. வேலையை விட்டுட்டு இப்படி வந்து உக்காரு. உக்காந்துட்டியா? நீ சொன்னதுதான் சரி. அந்த ஆபீஸ்ல... ஆமா, அதுதான். நான் அழுத்தல. கீழ டீக்கடையில இருந்திருக்கேன். ஆமா, நிச்சயமா. கேட்டுட்டேன். நீ சொன்னதுதான்மா சரி, நான் அழுத்தல..."

கிடங்கு வரை போய்த் திரும்பினார், மறுபடியும் போனார். அந்தப் பக்கத்தில் அவள் என்ன சொன்னாளோ, நின்றுவிட்டார். கேட்கிறவளுக்கு எதுவும் தெரியப்போவதில்லை என்பதுகூட நினைவில்லாமல், வலது கையை முகத்துக்கு நேரே தூக்கி, பொத்தானை அழுத்துகிற ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார்.